பெரிய சட்ட நிறுவனத்திலிருந்து வட்டார வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மாறுதல்: கொடைக்கானல் பகுதி

மும்பை, பெங்களூரு, சென்னை போன்ற பெருநகரங்களில் பல பங்குதாரர்களையும் ஏராளமான வழக்கறிஞர்களையும் கொண்டு இயங்கும் சட்ட நிறுவனத்தை விட்டு, ஒரு மாவட்டத்தையோ வட்டத்தையோ மையமாகக் கொண்ட சிறு அலுவலகத்தில் தொழிலைத் தொடர்வதே இங்குக் குறிப்பிடப்படும் மாற்றமாகும். தொழில் உரிமம் ஒன்றே. ஆனால் நீதிமன்றம், மொழி, சட்டப்பிரிவுகள், கட்சிக்காரருடன் உள்ள உறவு ஆகிய அனைத்தும் மாறுகின்றன. பழனி மலைத்தொடரில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கொடைக்கானல் வட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்மாற்றத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

வேலைப் பிரிவினை

பெரிய நிறுவனங்களில் வேலை துறைவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நிறுவன இணைப்பு, வங்கிக் கடன், வரி, நடுவர் தீர்ப்பாயம் என ஒவ்வொன்றுக்கும் தனிக்குழு உண்டு. இளம் வழக்கறிஞர் ஒருவர் ஒப்பந்த வரைவு, ஆவணச் சரிபார்ப்பு ஆகியவற்றிலேயே சில ஆண்டுகளைச் செலவிட நேரலாம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு அவருக்குக் கிட்டாமலே போவதும் உண்டு.

வட்டார அலுவலகத்தில் இப்பிரிவினை இல்லை. காலையில் பிணை மனு, பிற்பகலில் பாகப்பிரிவினை வழக்கு, மாலையில் கிரயப் பத்திர வரைவு என ஒரே நாளில் பலவகைப் பணிகள் வரும். கட்சிக்காரரின் முதல் பேச்சைக் கேட்பதிலிருந்து தீர்ப்பு நகல் பெறுவது வரை ஒருவரே வழக்கைக் கொண்டுசெல்ல வேண்டும்.

நீதிமன்ற அமைப்பு

கொடைக்கானலில் மாவட்ட உரிமையியல் மற்றும் நீதித்துறை நடுவர் நீதிமன்றம் உள்ளது. மாவட்டத் தலைமை நீதிமன்றம் திண்டுக்கல்லில் இயங்குகிறது. உயர் நீதிமன்ற வழக்குகள் மதுரைக் கிளைக்குச் செல்லும். இக்கிளை 2004 ஜூலை 24 அன்று தொடங்கப்பட்டது. அதற்கு முன் மலையிலிருந்து ஒரு ரிட் மனுவுக்காக ஏறத்தாழ 500 கி.மீ. பயணம் செய்து சென்னை செல்ல வேண்டியிருந்தது. மதுரை சாலை வழியே சுமார் 120 கி.மீ. தொலைவில் உள்ளது.

மொழி

அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. பெரிய நிறுவனங்களின் எழுத்துப்பணியும் ஆங்கிலமே. ஆனால் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் அலுவல் மொழியாக உள்ளது. சாட்சியம், வழக்குரை, எதிருரை ஆகியவை பெரும்பாலும் தமிழில் அமைகின்றன. பழைய பத்திரங்களில் ஒத்தி, சுவாதீனம், செக்குபந்தி போன்ற சொற்கள் நிறைந்திருக்கும். நான்கு எல்லைகளைக் குறிக்கும் செக்குபந்தியைத் தவறாகப் படித்தால், வழக்குச் சொத்தே மாறிவிடும். எனவே பெருநகரிலிருந்து வருபவர் முதலில் கற்க வேண்டியவற்றுள் ஒன்று பத்திரத் தமிழாகும்.

மலைப்பகுதிக்குரிய சட்டங்கள்

சமவெளியில் அதிகம் எழாத கேள்விகள் இங்கு அன்றாடம் எழுகின்றன.

மரம் வெட்டுதல்: பட்டா நிலத்தில் உள்ள மரமானாலும் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி தேவைப்படும்.

கட்டடம் கட்டுதல்: 1971-ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டத்துடன், 1990-இல் ஏற்படுத்தப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடுகளும் பொருந்தும்.

வன உரிமை: பளியர் உள்ளிட்ட பழங்குடியினரின் நில, வனப்பொருள் உரிமைகள் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் வருகின்றன. இவற்றை முதலில் பரிசீலிப்பது கிராம சபையே, நீதிமன்றம் அன்று.

எல்லைத் தகராறு: சரிவு நிலங்களில் எல்லையைக் காகிதத்தில் மட்டும் தீர்மானிப்பது கடினம். நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, நில அளவருடன் இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை தரச் செய்யலாம்.

மாறும்போது கவனிக்க வேண்டிய விதிகள்

பதிவு: 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-ஆம் பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி ஒரு மாநிலத்தில் பதிவு செய்தவர் இந்தியா முழுவதும் தொழில் செய்யலாம். பதிவை வேறு மாநில வழக்கறிஞர் மன்றத்துக்கு மாற்ற விரும்பினால், 18-ஆம் பிரிவின்கீழ் கட்டணமின்றி மாற்றிக்கொள்ள முடியும்.

போட்டித் தடை: 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவின்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. எனவே பணியை விட்டபின் குறிப்பிட்ட ஊரில் தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் நிலைக்காது.

இரகசியம்: கட்சிக்காரர் கூறியதை வெளியிடாதிருக்கும் கடமை, பணி முடிந்த பின்னரும் தொடர்கிறது. சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 132-ஆம் பிரிவில் உள்ளது.

கட்சிக்காரரும் கோப்பும்: யாரை அமர்த்துவது என்பது கட்சிக்காரரின் உரிமை. ஆயினும் வேறொருவர் வக்காலத்து உள்ள வழக்கில் அவரது இசைவோ நீதிமன்ற அனுமதியோ இன்றி ஆஜராகக் கூடாது. கட்டணம் பாக்கி என்பதற்காகக் கோப்புகளைத் தடுத்து வைத்துக்கொள்ளும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என உச்ச நீதிமன்றம் 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் தீர்ப்பளித்தது.

நலன் முரண்: ஒரு வழக்கில் ஒரு தரப்புக்கு ஆலோசனை கூறியவர், அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது. இவ்விதி எங்கும் ஒன்றே; ஆனால் சிற்றூரில் இதைக் காப்பது கடினம். பெரிய நிறுவனத்தில் புதிய கட்சிக்காரரின் பெயரைக் கணினிப் பதிவேட்டில் சரிபார்ப்பார்கள். மலையூரில் வழக்கறிஞர்கள் சிலரே. விடுதி உரிமையாளர், அவருக்கு நிலம் விற்றவர், அங்கு வேலை செய்பவர் மூவரும் ஒரே அலுவலகத்தின் படியேறலாம். தேநீர்க்கடையில் பேச்சுவாக்கில் சொன்ன ஆலோசனையும் பின்னர் சிக்கலாகலாம். ஆகவே முதல் சந்திப்பிலேயே பெயர், சொத்து, எதிர்த்தரப்பு ஆகியவற்றை ஒரு பேரேட்டில் எழுதிவைப்பது நல்ல வழக்கமாகும்.

வருமானம்

பெரிய நிறுவனத்தில் மாதந்தோறும் நிலையான தொகை கிடைக்கும். வட்டார அலுவலகத்தில் கட்டணம் தவணை தவணையாக வரும். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்ய அனுமதியில்லை என்பதால், வேலை பெரும்பாலும் வாய்மொழியாகவே பரவுகிறது. அலுவலகம் தொடங்குபவர் இளையோருக்கு ஊதியம் தருபவராகவும் ஆகிறார். சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், பிற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை வழங்கச் செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் வழக்கறிஞர் மன்றத்துக்கு உத்தரவிட்டது.

மலையில் தொடங்கிய இரு வழக்குகள்

வட்டார வேலை என்றால் சிறிய வேலை என்ற எண்ணம் தவறு என்பதற்குக் கொடைக்கானலிலேயே சான்றுகள் உள்ளன.

முதலாவது, பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கு. அனுமதித்த தளங்களுக்கு மேல் கட்டப்பட்ட இக்கட்டடத்துக்கு 1994-இல் அரசு விதிவிலக்கு அளித்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு தொடர்ந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 1995-இல் அந்த ஆணையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டில் அதை உறுதிசெய்தது.

இரண்டாவது, வெப்பமானித் தொழிற்சாலை வழக்கு. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள பழைய பொருள் கடையில் கண்டறியப்பட்டதையடுத்து, 2001-இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 2006-இல் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2016-இல் 591 பேர் தொடர்பாக உடன்பாடு எட்டப்பட்டது.

இரண்டிலும் வாதம் பெருநகரில் நடந்தது. ஆனால் உண்மை மலையில் கிடந்தது. எத்தனை தளம், எந்தத் தேதி, யார் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பவற்றை ஊரில்தான் திரட்ட முடியும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி மேல்முறையீட்டில் புதிய சான்று சேர்ப்பது விதிவிலக்கான நிலைகளில் மட்டுமே அனுமதிக்கப்படும். கீழமை நீதிமன்றத்தில் விடுபட்ட ஆவணத்தை மேலே எவ்வளவு சிறந்த வழக்கறிஞராலும் எளிதில் ஈடுசெய்ய முடியாது.

இதனால், பெரிய நிறுவனத்தில் கற்ற ஆவண ஒழுங்கு, தேதிவாரிப் பட்டியல், கவனமான வரைவு ஆகியவை வட்டார அலுவலகத்தில் வீணாவதில்லை. வழக்கின் முதல் தாள் எழுதப்படும் இடத்தில்தான் அவற்றின் தேவை மிகுதியாக உள்ளது.