உங்களுக்குத் தெரியுமா? தம்மை விட நினைக்கும் ஓசூர்க்காரர்களுக்கு

● ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் புகையிலைச் சட்டம் மாறிவிடும். நம் பக்கம் பொது இடத்தில் புகைத்தால் அபராதம் 200 ரூபாய் வரை. சிகரெட் வாங்க 18 வயது போதும். கர்நாடகம் 2025-ல் அபராதத்தை 1,000 ரூபாயாகவும் வயதை 21 ஆகவும் உயர்த்திவிட்டது. சில்லறையாக ஒற்றை சிகரெட் விற்கவும் அங்கே தடை. தமிழ்நாடும் இதைச் செய்தாக வேண்டும். விட்டவரை மறுபடி இழுத்துவிடுவது பெரும்பாலும் அந்த ஒற்றை சிகரெட்தான்.

● பீடி, இலையில் சுற்றியது என்பதால் சாது அல்ல. அணைந்துவிடாமலிருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் கார்பன் மோனாக்சைடு கூடுதலாகவே உள்ளே போகிறது.

● டீயும் தம்மும் சிப்காட் டீக்கடைகளில் பிரியாத ஜோடி. இதில் பலருக்கும் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. டீ, காபியிலுள்ள கஃபீனைக் கல்லீரல் வேகமாகக் கரைத்து வெளியேற்றும்படி செய்வது சிகரெட் புகை. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைகிறது. வழக்கமான அதே நாலு டீ குடித்தாலும் கஃபீன் ரத்தத்தில் அதிகம் தங்கும். படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை வரும். ‘தம் இல்லாததால்தான் இப்படி’ என்று நினைத்து மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள். நைட் ஷிப்ட் பார்ப்பவர்களே, முதல் சில வாரங்களுக்கு டீயைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

● புகையை விட உதவும் நிகோடின் சூயிங்கத்தை மிட்டாய்போல மெல்லக்கூடாது. மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, கூல்டிரிங்ஸ் வேண்டாம்; வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது.

● முதல் 3 நாள்தான் மிகக் கடினம். ஒவ்வொரு முறை எழும் ஆசையும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். விடும் தேதியை ஷிப்ட் மாறும் வாரத்தில் வைக்காமல், வார விடுமுறையை ஒட்டி வையுங்கள். ஓராண்டு தாக்குப்பிடித்தால், புகைப்பவரோடு ஒப்பிடுகையில் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதி. இடையில் ஒருநாள் தவறினாலும் மறுநாளே நிறுத்துங்கள். அதுவரை விட்ட நாள்கள் வீணாகவில்லை.

● 2018 செப்டம்பர் முதல் சிகரெட் அட்டையிலேயே, புகையை விட ஆலோசனை தரும் ஓர் இலவச எண் அச்சாகிறது: 1800-11-2356. தென்மாநில அழைப்புகளுக்குத் தமிழிலும் ஆலோசனை தரும் மையம் பெங்களூரு நிம்ஹான்ஸ். அது இருப்பதே ஓசூர் ரோட்டில்தான். அடுத்த அட்டையைப் பிரிக்கும் முன் அந்த எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள்.