தெளிகருவியின் தேய்ந்த இறப்பர்ப் பாகங்களை மாற்றுதல்

நெல் வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் பீடைகொல்லி தெளிப்பதற்கு, முதுகிற் சுமக்கும் தெளிகருவியையே கமக்காரர் பெரும்பாலும் பயன்படுத்துகின்றனர். அதன் மூடியிலோ குழாய்ப் பொருத்திலோ உள்ள இறப்பர் வளையம் தேய்ந்திருப்பின், மருந்துக் கலவை கசிந்து சட்டையை நனைக்கும். நனைந்த சட்டை வேலை முடியும்வரை உடலோடு ஒட்டியிருக்கும். பீடைகொல்லி வாயினால் மட்டுமன்றித் தோலினூடாகவும் உடலிற் சேரும். ஆகவே, கசியும் கருவியைச் சுமந்து தெளித்தல் ஒருபோதும் ஆகாது.

தேய்வை அறிதல்

மூடி, பம்பியின் பிஸ்ரன், வால்வுகள், குழாய்ப் பொருத்துகள், கைவிசை, தெளிமுனை ஆகிய இடங்களில் இறப்பர் வளையங்கள் அல்லது வாசர்கள் உள்ளன. கைபிடியைப் பலமுறை அடித்தும் அமுக்கம் ஏறாவிடின், பிஸ்ரன் வாசரையோ வால்வுகளையோ பார்த்தல் வேண்டும். கைவிசையை விட்டபின்னும் மருந்து சொட்டுமாயின், அதனுள் இருக்கும் வளையம் தேய்ந்திருக்கலாம். வெடித்த, இறுகிய, ஊதிய அல்லது பிசுபிசுத்த இறப்பர் எதுவாயினும் மாற்றத்தக்கதே. அமுக்கம் குறைந்தால் துளிகள் பெருத்து இலையில் தங்காது வழிந்தோடும். மருந்தும் வீணாகும், பீடையும் அழியாது.

கழற்றுதல்

முதலில் தாங்கியைச் சவர்க்கார நீராலும் பின் நன்னீராலும் மும்முறை கழுவி, ஒவ்வொரு முறையும் அந்நீரைக் குழாய் வழியாகவும் செலுத்துதல் வேண்டும். கழுவிய நீரை மருந்து தெளித்த பயிர் நிலத்திலேயே தெளித்துவிடுக. கிணற்றருகிலும் வாய்க்காலிலும் ஊற்றலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையில் வெடிப்புகள் மிகுதியாதலால், நிலத்தில் ஊற்றியது கிணற்று நீரை விரைவில் அடையும்.

கையுறை அணிந்து, கைவிசையைத் திறந்து, எஞ்சிய அமுக்கத்தை முற்றாக வெளியேற்றிய பின்னரே பொருத்துகளைக் கழற்றுக. கழற்றிய பாகங்களை ஒரு துணியின்மீது கழற்றிய ஒழுங்கிலேயே அடுக்கினால், திரும்பப் பூட்டும்போது தடுமாற்றம் நேராது. பழைய வளையத்தைத் திருப்புளியாற் கிளப்பினால் அது இருக்கும் பள்ளம் கீறுண்டு, புதிய வளையமும் கசியும். கூராக்கிய மூங்கிற் சிம்பினாற் கிளப்புதல் நன்று.

பூட்டுதல்

பள்ளத்தைத் துடைத்து, பழையதன் அளவும் தடிப்பும் உடைய புதிய பாகத்தை இடுதல் வேண்டும். கிண்ண வடிவமான பிஸ்ரன் வாசரின் விளிம்பு, நீரை அமுக்கும் பக்கத்தை நோக்கியிருத்தல் அவசியம். தலைகீழாய் இட்டால் அமுக்கம் ஏறாது. எளிதிற் பொருந்துவதற்குச் சவர்க்கார நீரைத் தடவலாம். மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் இயற்கை இறப்பரை ஊதச் செய்வனவாதலால் அவற்றைத் தவிர்க்க.

சயிக்கிள் ரியூப்பை வெட்டி வாசராக இடும் வழக்கம் சிலரிடம் உண்டு. சில பீடைகொல்லிகளிற் சேர்ந்துள்ள கரைப்பான்கள் அத்தகைய இறப்பரை ஊதச் செய்து கெடுக்கும். அக்கருவிக்கெனச் செய்யப்பட்ட பாகங்களையே வாங்குதல் வேண்டும். பொருத்துகளைக் கையால் இறுக்கினாற் போதும். மிகையாக இறுக்கினால் வளையம் நசியும்.

சோதித்தல்

பூட்டிய பின் தாங்கியிற் பாதியளவு நன்னீர் நிரப்பி, வெளிப்புறத்தைத் துடைத்துக் காய்ந்த சீமெந்துத் தரையில் வைத்து அமுக்கம் ஏற்றுக. சிறிது நேரத்தின் பின் தரையில் ஈரம் கண்டால் எங்கோ கசிவு உண்டு. கருவியைச் சரித்து, மூடியையும் பார்த்தல் வேண்டும். கசிவு முற்றாக நின்ற பின்னரே தாங்கியில் மருந்து ஊற்றலாம்.

கழற்றிய பழைய வாசர்களிலும் மருந்து ஊறியிருக்கும். அவற்றை வேறு தேவைக்கு எடுத்தலும் பிள்ளைகள் கைக்கு எட்ட விடுதலும் ஆகாது. வெயில் இறப்பரை வெடிக்கச் செய்யுமாதலால், கருவியைக் கழுவி நிழலில் வைத்தல் வேண்டும்.

பெரும்போகமும் சிறுபோகமும் தொடங்குமுன் தெளிகருவியை ஒருமுறை கழற்றிப் பார்த்து, மாற்று வாசர்கள் ஒரு தொகுதியைக் கைவசம் வைத்திருக்கும் கமக்காரர், பீடை கண்ட அன்றே அச்சமின்றி வயலில் இறங்கலாம்.