கடாரத்துக்கு எத்தனை பெயர்?

மெர்போக் கரையோரம் – 12

‘கடாரம்’ என்று தமிழில் தட்டினால் பித்தளை அண்டா விற்பனைக்கு வருகிறது. ‘கிடாரம்’ என்று மாற்றித் தட்டினால் கிடாரங்காய் ஊறுகாய் போடும் முறை. இரண்டையும் காட்டிச் சிரித்தாள் அந்தப் பெண். செமிலிங்கில் நான் வழக்கமாகப் பசியாறும் ஒட்டுக்கடை அது. ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருந்தது. மடிக்கணினி மேசையின் பாதியை அடைத்திருந்தது.

ஆய்வு மாணவி. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. அதற்கப்புறம் எல்லாம் மலாயும் ஆங்கிலமும். பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய வணிகம்தான் அவள் எடுத்திருக்கும் தலைப்பு. “தமிழ்ல நெறைய எழுதியிருக்காங்கன்னு எல்லாரும் சொல்றாங்க அங்கிள். எங்க இருக்குன்னுதான் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.”

பக்கத்திலேயே சுங்கை பத்து. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டி, இரும்பு உருக்கிய உலைகளையும் படகுத்துறையையும் வெளியே கொண்டுவந்த இடம். அங்கே கிடைத்ததை மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறார்கள். அவற்றை நம் தமிழாசிரியர்கள் அதிகம் படிப்பதில்லை. நாம் தமிழில் எழுதுவதை அவர்களால் படிக்க முடியாது. நடுவில் இவள் உட்கார்ந்திருக்கிறாள்.

முதல் தொல்லை பெயர்தான். பட்டினப்பாலை காழகம் என்கிறது. கடாரம்தான் அது என்று உரையெழுதியவர் நச்சினார்க்கினியர். வடமொழியில் கடாஹம். அதற்கும் அண்டா என்ற பொருள் உண்டு என்பதால் விளம்பரக்காரர் மேல் பழி போட முடியாது! 671-இல் காண்டனிலிருந்து கப்பலேறிய சீனத் துறவி யீஜிங் வழியில் தங்கிய ஊரை ‘ஜியேச்சா’ என்று எழுதினார். மலாயில் கெடா, நாங்கள் உட்கார்ந்திருந்த இந்த மண்தான். ராஜராஜன் காலத்து ஆனைமங்கலச் செப்பேடு நாகப்பட்டினத்து விகாரைக்கு ஊர் கொடுத்ததைச் சொல்வது. இன்று லெய்டன் செப்பேடு என்றால்தான் பலருக்குத் தெரியும். அந்த ஒரே செப்பேட்டின் வடமொழிப் பகுதியில் கடாஹம், தமிழ்ப் பகுதியில் கிடாரம். ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு மற்ற அலமாரிகள் திறக்காது.

இது வெறும் எழுத்துக்கூட்டுச் சண்டை இல்லை. 1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் ராஜேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே அச்சேறிவிட்டது. படித்தவர்கள் தமிழ் தெரிந்தவர்கள், சாமானியர்கள் இல்லை. ஆனாலும் கடாரத்தைப் பர்மாவில் தேடினார்கள். பெகுவில் நின்ற கருங்கல் தூண்களைச் சோழனின் வெற்றித்தூண்கள் என்றே நம்பினார்கள். முடிச்சை அவிழ்த்தவர் ஜார்ஜ் செதெஸ் என்ற பிரெஞ்சுக்காரர். 1918-இல் ஹனோயிலிருந்து வந்த இதழொன்றில் சீனக் குறிப்புகளையும் தமிழ்க் கல்வெட்டையும் மலாய் நாட்டுக் கல்வெட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஸ்ரீவிஜய அரசும் கடாரமும் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. அவர் எழுதியது பிரெஞ்சில். செமிலிங் பக்கத்துத் தோட்ட லயங்களில் அப்போது நம் ஆட்கள் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். காலடியில் இருப்பது எந்த ஊர் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

சுமத்ராவின் பாரூஸில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் கதையும் இப்படித்தான். ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088-இல் நிறுத்திய கல். நீலகண்ட சாஸ்திரி 1932-இல் அதைப் பற்றி எழுதியது டச்சுக்காரர்கள் பத்தாவியாவில் நடத்திய இதழில். எ. சுப்பராயலு அதைத் திருத்தமாக மீண்டும் படித்தது 1998-இல் பாரீஸில் வெளியான ஒரு பிரெஞ்சுத் தொகுப்பில். கல் தமிழ், படித்தவர் தமிழர். படித்த செய்தி தமிழ் வாசகனிடம் வர மூன்று கடல் தாண்ட வேண்டியிருந்தது.

இந்தக் குறையை முதலில் சரியாகக் கண்டவர் தனிநாயகம் அடிகள் என்பேன். 1952-இலேயே ‘தமிழ்க் கல்ச்சர்’ என்று ஆங்கிலத்தில் இதழ் தொடங்கினார். தமிழ் தெரியாதவனுக்குத் தமிழாய்வைக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் கணக்கு. அதற்காகத் திட்டும் வாங்கியிருப்பார். 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார், 1964-இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார், 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தினார். மாநாடு எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதே ஆண்டு அவர் கொண்டுவந்த தமிழியல் நூல் வழிகாட்டியை யாரும் பேசுவதில்லை. எந்த நூல் எந்த மொழியில் இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் அது. மாநாட்டைவிட அந்தப் பட்டியல் எனக்குப் பெரிது.

நாம் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். பினாங்குக்குப் போனால் ‘லெபோ ஆர்மேனியன்’ என்று ஒரு தெரு. சென்னையிலும் ஆர்மேனியன் தெரு உண்டு. நம் ஜனங்கள் அதை அரண்மனைக்காரன் தெரு ஆக்கிவிட்டார்கள். உலகின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகை ‘அஸ்தரார்’ 1794-இல் அச்சானது சென்னையில்தான். நடத்தியவர் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். சிதறிய அந்த இனத்தின் வரலாறு ஆர்மேனியத்திலும் ரஷ்ய மொழியிலும் பிரெஞ்சிலும் சிதறிக் கிடக்கிறது. சென்னைப் பத்திரிகையைப் பற்றி அறிய வரும் ஆர்மேனிய ஆய்வாளர், பழைய தமிழ் ஆவணமொன்றில் ‘அரண்மனைக்காரன்’ என்று கண்டால் தாண்டித்தான் போவார். அவரிடம் சொல்ல வேண்டியவர்கள் நாம். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு குறிப்புச்சீட்டு போதும்.

குறிப்பு உரியவர் கைக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊரே பார்த்தது. பழைய கோயில் அடித்தளத்தை இங்கே சண்டி என்போம். குவாரிட்ச் வேல்ஸ் 1930-களில் இந்தப் பக்கம் அலைந்து, சண்டிகளுக்கு எண் போட்டு, 1940-இல் ஆங்கில ஆய்விதழில் வெளியிட்டார். அவர் பட்டியலில் 11-ஆம் எண் சண்டி 2013-இல் வீட்டுமனைக்காக இடிக்கப்பட்டது வெளியே தெரிந்தது. தனியார் நிலம், பாரம்பரிய இடமாக அறிவிக்கப்படவில்லை என்றார்கள். எழுபது வருஷமாக அச்சில் இருந்த எண் அது.

மாணவிக்கு நான் கொடுத்தது ஒரு புத்தகப் பெயர். 2009-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த, சோழரின் கடற்பயணங்கள் பற்றிய தொகுப்பு. அதன் பின்னிணைப்பில் நொபுரு கராஷிமாவும் சுப்பராயலுவும் தென்கிழக்காசியா, சீனா சம்பந்தப்பட்ட தமிழ், வடமொழிக் கல்வெட்டுகளை ஆங்கிலத்தில் வரிசையாகத் தந்திருக்கிறார்கள். தமிழ் கற்ற ஒரு ஜப்பானியரும் தஞ்சைப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் சேர்ந்து செய்த வேலை. இதுபோல இன்னும் பத்து இருந்தால் நான் இந்த அத்தியாயத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

என் பையிலிருந்த ஒளிநகலை எடுத்தேன், செப்பேட்டின் தமிழ்ப் பகுதி. விரலை வைத்துக் கூட்டிப் படித்தாள்.

“கி...டா...ரத்...த...ரையன். அரையன்னா என்ன அங்கிள்?”

“ராஜா.”

நோட்டில் எழுதிக்கொண்டாள், மலாயில்: ராஜா கெடா.

(தொடரும்)