கதவு எண் 3306: பதில் வராவிட்டால் என்ன செய்வது?

கம்ப்யூட்டர் ஒன்றுதான். கேள்வி கேட்கும் புரோகிராம் அதற்குள்தான் இருக்கிறது. பதில் சொல்ல வேண்டிய புரோகிராமும் அதற்குள்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்கூடக் கிடையாது. ஆனாலும் ஒன்று கூப்பிட்டால் இன்னொன்று பதில் சொல்ல மறுக்கிறது! "இணைக்க முடியவில்லை" என்று திரையில் ஓர் ஆங்கில வரி வந்து நிற்கிறது.

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு நாள் இந்த வரியைச் சந்திக்கிறார்கள். காரைக்காலிலும் அப்படிப் படிப்பவர்கள் நிறையப் பேர். 2010-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி தேசிய தொழில்நுட்பக் கழகம் காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடியில்தான் இருக்கிறது.

அந்த ஆங்கில வரியைக் கண்டதும் பலர் பயந்துவிடுகிறார்கள். வைத்ததை எல்லாம் அழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அது தேவையே இல்லை. கோளாறு எங்கே என்பதை அந்த வரியே சொல்லிவிடுகிறது!

பதிவேடும் எழுத்தரும்

டேட்டாபேஸ் என்பது என்ன? அது ஒரு பெரிய பதிவேடு. அவ்வளவுதான்.

பதிவேட்டின் அருமை காரைக்கால் மக்களுக்கு நன்றாகத் தெரியும். 1954 நவம்பர் 1-ந் தேதி வரை இந்த ஊரில் பிரெஞ்சு ஆட்சி நடந்தது. சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ந் தேதி. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் பிரெஞ்சு அதிகாரிகள் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. தாத்தாவின் பெயர் எழுதிய ஒரு பழைய வரி எவ்வளவு பெரிய சொத்து என்பதை அவர்களைக் கேட்டால் தெரியும்.

கம்ப்யூட்டர் பதிவேட்டை யாரும் நேரே புரட்ட முடியாது. அதைக் காவல் காக்க ஓர் எழுத்தர் இருக்கிறார். அவருக்குத்தான் "சர்வர்" என்று பெயர். கேள்வியை அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் தேடிப் பார்த்துப் பதில் தருவார்.

இப்படிப்பட்ட எழுத்தர்கள் பலர் உண்டு. "மைஎஸ்கியூஎல்" என்பது 1995-ல் சுவீடனில் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், தம் மகள் "மை"யின் பெயரை அதற்கு வைத்தார். பிறகு இளைய மகள் "மரியா"வின் பெயரில் "மரியாடிபி" வந்தது. "போஸ்ட்கிரெஸ்" என்பது அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், 1986-ல் தொடங்கிய ஆராய்ச்சியின் பிள்ளை. இவற்றைக் காசு கொடுக்காமலே பெற்றுக்கொள்ளலாம். அதனால்தான் மாணவர்கள் முதல் சிறு கடைக்காரர்கள் வரை பயன்படுத்துகிறார்கள்.

விலாசம் சரியா?

எழுத்தரிடம் போக இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று விலாசம். இன்னொன்று கதவு எண்.

விலாசம் தவறினால் என்ன ஆகும்? காரைக்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்சி புதுச்சேரி ஆட்சி. ஆனால் புதுச்சேரி நகரம் வடக்கே சுமார் 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நடுவே கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று தமிழ்நாட்டு ஊர்கள். புதுச்சேரித் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 605001. காரைக்காலுக்கோ 609602. "புதுச்சேரி" என்ற பெயரைப் பார்த்து 605001 என்று எழுதிவிட்டால், கடிதம் வேறு ஊரில் போய் நிற்கும்!

கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு எண் உண்டு. தன்னையே குறிக்க அது வைத்திருக்கும் எண் 127.0.0.1. அதன் செல்லப்பெயர் "லோக்கல்ஹோஸ்ட்". "வெளியே போகாதே, இந்த வீட்டிலேயே தேடு" என்று அதற்குப் பொருள்.

அடுத்தது கதவு எண். ஒரு கம்ப்யூட்டரில் 65,535 கதவு எண்கள் உண்டு. இதை ஆங்கிலத்தில் "போர்ட்" என்பார்கள். துறைமுகத்துக்கும் அதே சொல்தான். 2009-ல் கப்பல்கள் வரத் தொடங்கிய காரைக்கால் துறைமுகத்திலும் எந்தக் கப்பல் எந்த இடத்தில் நிற்பது என்று ஒரு கணக்கு உண்டு அல்லவா? அதைப் போலத்தான் இதுவும். மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டும் வழக்கமாக 3306-ம் எண் கதவில் உட்காரும். போஸ்ட்கிரெஸ் உட்காருவது 5432-ல்.

நான்கு பதில்கள்

இணைப்புக் கிடைக்காதபோது பெரும்பாலும் நான்கு விதமான பதில்களில் ஒன்று வரும். எந்தப் பதில் வந்தது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் பதில்: "டைம்டு அவுட்". நெடுநேரம் காத்திருந்தும் சத்தமே இல்லை என்று பொருள். கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்து, ஒன்று மற்றொன்றைக் கூப்பிடும்போது இது வரும். விலாசம் தவறாக இருக்கலாம். அல்லது "ஃபயர்வால்" என்ற காவல்காரன் வழியிலேயே மறித்திருக்கலாம்.

இரண்டாவது பதில்: "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு". வீடு கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கதவில் ஆள் இல்லை. எழுத்தர் இன்னும் வேலைக்கு வரவில்லை. அல்லது வேறு கதவில் உட்கார்ந்திருக்கிறார்.

மூன்றாவது பதில்: "ஆக்சஸ் டினைடு". மைஎஸ்கியூஎல்-லில் இதற்கு எண் 1045. இதைக் கண்டால் பலருக்கு அழுகையே வரும். உண்மையில் சந்தோஷப்பட வேண்டும்! எழுத்தர் விழித்திருக்கிறார். வாய் திறந்து பேசுகிறார். பெயரோ ரகசியச் சொல்லோ பொருந்தவில்லை, அவ்வளவுதான். வரியின் கடைசியில் "யூசிங் பாஸ்வேர்டு: நோ" என்று இருந்தால், நீங்கள் ரகசியச் சொல்லை அனுப்பவே இல்லை. "யெஸ்" என்று இருந்தால், ஏதோ ஒன்றை அனுப்பினீர்கள், ஆனாலும் பொருந்தவில்லை.

நான்காவது பதில்: "அன்னோன் டேட்டாபேஸ்". எண் 1049. எழுத்தர் உங்களை உள்ளே விட்டுவிட்டார். நீங்கள் கேட்ட பெயரில் பதிவேடு இல்லை என்கிறார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை நான்கும் நான்கு படிகள். ஒவ்வொரு பதிலும் முந்தியதைவிட ஒரு படி மேலே. 1045 வந்த பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்குவது, மூன்று படி ஏறியவன் மறுபடி தரையில் குதிப்பதைப் போன்றது!

எழுத்தர் எழுந்தாரா?

இரண்டாவது பதில் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். விண்டோஸ் கம்ப்யூட்டரில் "சர்வீசஸ்" என்ற பட்டியல் இருக்கும். அதில் சர்வரின் பெயருக்கு எதிரே "ரன்னிங்" என்று இருக்கிறதா? இல்லாவிட்டால் அங்கேயே தொடங்கி வைக்கலாம்.

தொடங்கியும் உடனே விழுந்துவிடுகிறதா? அப்போது சர்வர் எழுதி வைக்கும் பிழைக் குறிப்பேட்டைத் திறக்க வேண்டும். ஏன் எழ முடியவில்லை என்று சர்வர் தானே அதில் எழுதி வைக்கும். வட்டு நிறைந்துவிட்டது, அமைப்புக் கோப்பில் ஒரு சொல் தவறு, கதவை வேறொருவர் பிடித்துக்கொண்டார் என்று காரணம் அங்கே இருக்கும்.

கதவை வேறொருவர் பிடிப்பதா? ஆம்! மாணவர்கள் "சாம்ப்" என்ற தொகுப்பைப் போடுவார்கள். அதற்குள் மரியாடிபி இருக்கிறது. அதை மறந்துவிட்டு மைஎஸ்கியூஎல்-லைத் தனியாகப் போடுவார்கள். இரண்டுக்கும் 3306-தான் வேண்டும். ஒரு நாற்காலியில் இரண்டு பேர் உட்கார முடியுமா? முதலில் வந்தவருக்கு இடம். அடுத்தவர் எழவே மாட்டார். ஒன்றை நிறுத்த வேண்டும். அல்லது ஒன்றுக்கு 3307 என்று வேறு கதவு கொடுக்க வேண்டும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. லினக்ஸ் கம்ப்யூட்டரில் மைஎஸ்கியூஎல்-லை "லோக்கல்ஹோஸ்ட்" என்று கூப்பிட்டால், அது 3306-ம் கதவுக்குப் போகாது. "சாக்கெட்" என்ற ஒரு கோப்பின் வழியாகப் போகும். அது கொல்லைப்புற வழி! 127.0.0.1 என்று எண்ணைச் சொன்னால்தான் வாசல் வழியாகப் போகும். ஆகவே இரண்டு விதமாகவும் கூப்பிட்டுப் பாருங்கள். எந்த வழி திறக்கவில்லையோ, கோளாறு அந்த வழியில்.

ஒரே பெயர், இரண்டு ஆள்

ரகசியச் சொல் சரிதான். ஆனாலும் 1045 வருகிறது. இது எப்படி?

திருநள்ளாறு செல்வம் வேறு, நெடுங்காடு செல்வம் வேறு அல்லவா? மைஎஸ்கியூஎல்-லும் ஆளை இப்படித்தான் அடையாளம் காண்கிறது. பெயரை மட்டும் பார்க்காது. எங்கிருந்து வருகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்கும். இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வரும் "செல்வம்" ஒருவர். பக்கத்து அறைக் கம்ப்யூட்டரிலிருந்து வரும் "செல்வம்" மற்றொருவர். ஒருவருக்குக் கொடுத்த அனுமதி மற்றவருக்குச் செல்லாது.

புயலுக்குப் பிறகு

கடற்கரை ஊர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் மின்சாரம் சொல்லிக்கொண்டா போகிறது? சர்வர் எழுதிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

நல்ல சர்வர்கள் இதற்கு முன்கூட்டியே வழி செய்து வைத்திருக்கின்றன. ஒரு மாற்றத்தைப் பதிவேட்டில் ஏற்றும் முன், அதை ஒரு தனிக் குறிப்பில் எழுதிக்கொள்ளும். மின்சாரம் திரும்பியதும் அந்தக் குறிப்பைப் படித்து, விட்ட இடத்தைச் சரி செய்யும். அந்த நேரத்தில் கூப்பிட்டால், போஸ்ட்கிரெஸ் "எழுந்துகொண்டிருக்கிறேன்" என்ற பொருளில் பதில் தரும். அப்போது பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். மீண்டும் மீண்டும் நிறுத்தித் தொடங்கக் கூடாது.

செய்யக் கூடாதவை

ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடப் பற்று வரவு முழுவதும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒரு நாள் இணைப்புக் கிடைக்கவில்லை. வீட்டுப் பையன் அவசரப்பட்டு சர்வரை நீக்குகிறான். மிச்சம் இருந்த "டேட்டா" என்ற பெட்டியையும் அழிக்கிறான். புதிதாகப் போட்டதும் இணைப்பு வந்துவிடுகிறது! ஆனால் பதிவேடு வெறும் தாள். யார் எவ்வளவு கடன் என்று இனி யார் சொல்வது?

ஆகவே எதைத் தொடுவதற்கு முன்பும், சர்வரை நிறுத்திவிட்டு, அந்தப் பெட்டியை அப்படியே வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, இணைப்பு வந்தால் போதும் என்று ரகசியச் சொல்லை எடுத்துவிடாதீர்கள். கதவை உலகத்துக்கெல்லாம் திறந்து போடாதீர்கள். 2017 ஜனவரியில் நடந்தது பெரிய பாடம். "மோங்கோடிபி" என்ற டேட்டாபேஸைப் பலர் ரகசியச் சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து வைத்திருந்தார்கள். கொள்ளையர்கள் நுழைந்தார்கள். பல்லாயிரக்கணக்கான டேட்டாபேஸ்களை அழித்தார்கள். "பணம் கொடுத்தால் திருப்பித் தருகிறோம்" என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்!

மூன்றாவது, ஒரே நேரத்தில் ஐந்து இடத்தில் கை வைக்காதீர்கள். ஒன்றை மாற்றுங்கள். கூப்பிட்டுப் பாருங்கள். பலன் இல்லாவிட்டால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பெற்றோர் செய்யக் கூடிய உதவி

"எங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே, பிள்ளைக்கு எப்படி உதவுவது?" என்று தாய் தந்தையர் நினைக்கலாம். உதவ முடியும்.

பிள்ளை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள். "என்ன எழுதியிருக்கிறது? முழுசா வாசிம்மா" என்று கேளுங்கள். வேகமாக ஓடிய கண், வாய்விட்டுப் படிக்கும்போது ஒவ்வொரு சொல்லிலும் நிற்கும். எண் 1045-ஆ, 1049-ஆ? கதவு எண் 3306-ஆ, 3307-ஆ? பாதிப் பிழைகள் அப்போதே பிடிபட்டுவிடும்.

பிறகும் தீராவிட்டால், அந்த வரியை எண்ணோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு, தெரிந்தவரிடம் காட்டச் சொல்லுங்கள். ரகசியச் சொல்லை மட்டும் அந்தத் தாளில் எழுத வேண்டாம்.