விளைநிலமும் காப்பிக் கொட்டையின் வேதிக்கூறுகளும்

காப்பிக் கொட்டை என்பது காப்பிச் செடியின் பழத்தினுள் இருக்கும் விதை ஆகும். இதிலுள்ள காஃபீன், சர்க்கரை, கொழுப்பு, குளோரோசெனிக் அமிலங்கள் ஆகியவற்றின் அளவை முதன்மையாகச் செடியின் இனமும், அடுத்து அது விளையும் இடத்தின் உயரம், வெப்பநிலை, நிழல், மழை ஆகியவையும் தீர்மானிக்கின்றன.

இனமும் இடமும்

வறுக்காத அராபிக்காக் கொட்டையின் உலர் எடையில் காஃபீன் ஏறத்தாழ 1.2% உள்ளது, ரொபஸ்டாவில் இது ஏறத்தாழ 2.2% ஆகும். அராபிக்காவில் சுக்குரோசும் கொழுப்பும் மிகுதி; ரொபஸ்டாவில் குளோரோசெனிக் அமிலங்கள் மிகுதி. அராபிக்கா பெரும்பாலும் குளிர்ந்த மலைப்பகுதிகளிலும், ரொபஸ்டா வெப்பமான தாழ்ந்த பகுதிகளிலும் பயிரிடப்படுகின்றன. இதனால் தாழ்ந்த நிலமே காஃபீனைக் கூட்டுவதாக எண்ணத் தோன்றும். ஆனால் இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி இனத்தால் வருவதாகும். ஒரே இனத்தை வெவ்வேறு உயரங்களில் ஒப்பிட்ட ஆய்வுகளில் காஃபீன் அளவு ஒரே போக்கில் மாறவில்லை.

உயரமும் வெப்பநிலையும்

உயரம் கூடும்போது வெப்பநிலை குறைகிறது. பழம் மெதுவாகப் பழுக்கிறது. விதை நிரம்பக் கூடுதல் காலம் கிடைப்பதால் கொட்டை அடர்த்தியாகிறது. சுக்குரோசும் கொழுப்பும் பொதுவாகக் கூடுகின்றன. வறுக்கும்போது சுக்குரோசு ஏறக்குறைய முழுவதும் சிதைந்து நிறம், மணம், மென்புளிப்பு ஆகியவற்றைத் தரும் சேர்மங்களாக மாறுகிறது. மலைக்காப்பிக்குக் கூடுதல் விலை கிடைப்பதற்கு இது ஒரு காரணமாகும். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய தெற்குப் பிரேசில் போன்ற இடங்களில் இத்தகைய குளிர்ச்சி குறைந்த உயரத்திலேயே கிடைக்கிறது.

நிழல்

நிழல்மரங்களும் இலையின் வெப்பத்தைத் தணித்துப் பழுத்தலைத் தாமதப்படுத்துகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களின் நிழலிலும் பிற மரங்களின் நிழலிலும் காப்பி வளர்க்கப்படுகிறது. அம்மரங்களில் மிளகுக் கொடியும் படரவிடப்படுகிறது.

விளைந்த இடத்தைக் கண்டறிதல்

மழைநீரிலுள்ள ஆக்சிசன் ஓரிடத்தான்களின் விகிதம் உயரத்துக்கும் கடலிலிருந்துள்ள தொலைவுக்கும் ஏற்ப மாறுகிறது. மண்ணிலுள்ள இசுட்ரோன்சியம் ஓரிடத்தான்களின் விகிதம் அடிப்பாறையைப் பொறுத்தது. இவை வேர் வழியாக விதையில் பதிவதால், புவிசார் குறியீடு பெற்ற காப்பியில் வேற்றிடச் சரக்கு கலந்துள்ளதா எனச் சோதிக்க உதவுகின்றன.

காலநிலை மாற்றம்

வெப்பம் உயர்ந்தால் பழம் விரைந்து பழுத்து, அராபிக்காவின் தரம் குறைகிறது. மேட்டு நிலங்களுக்குப் பயிரை மாற்றலாம் என்றாலும், மலையுச்சியை நெருங்க நெருங்க நிலப்பரப்பு சுருங்குவதால், அவ்வாய்ப்பு எல்லா உழவர்களுக்கும் கிடைப்பதில்லை.