சாயம் எங்கே போகிறது?

சென்னிமலை முருகனைத் தரிசித்து மலையிறங்கியவர்கள் ஒரு போர்வையாவது வாங்காமல் ஊர் திரும்புவது அபூர்வம். கடைப்படி ஏறியதும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன? "சாயம் போகுமா?" என்பதுதானே! "போகாதுங்க அம்மணி" என்று பதிலும் தயாராக இருக்கும்.

இதையே இங்கிலீஷில் கேட்பதானால் 'ப்ளீட்' என்ற வினைச்சொல் வேண்டும். இரத்தம் வடிதல் என்பது அதன் நேர்ப்பொருள். இரத்தத்தைக் குறிக்கும் 'ப்ளட்' என்ற சொல்லோடு பிறந்தது. (ஆசீர்வதிப்பதைச் சொல்லும் 'ப்ளெஸ்' கூட இதே குடும்பமாம். பலியின் இரத்தத்தைத் தெளித்துப் புனிதமாக்கிய காலத்து உறவு என்கிறார்கள் அகராதிக்காரர்கள்.) ஒருவரிடம் பணம் கறந்தாலும் 'ப்ளீட்'தான், துணியிலிருந்து சாயம் கசிந்தாலும் 'ப்ளீட்'தான். வெயிலில் நிறம் மங்கினால் மட்டும் 'ஃபேட்' என்று வேறு சொல். நாமோ இரண்டுக்கும் "சாயம் போச்சு" என்று சொல்லிவிடுகிறோம்.

1960-களில் அமெரிக்காவில் ஒரு தமாஷ் நடந்தது. நம் சென்னைக் கட்டம்போட்ட துணிக்கு அங்கே 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்று பெயர். சலவைக்குச் சலவை நிறங்கள் ஒன்றில் ஒன்று கலக்கும். "சாயம் கசிவதற்கு உத்தரவாதம்" என்றே விளம்பரம் செய்து விற்றார்கள், வாங்கினார்கள்! நம் ஊரில் அப்படிச் சொல்லி ஒரு முழம் விற்க முடியுமா?

'போகிறது' என்கிறோமே, எங்கே போகிறது? பக்கத்தில் ஊறும் வெள்ளை வேஷ்டிக்கு. அது உங்களுக்கே தெரியும். பட்டறையில் நூல் குடிக்காத சாயத்தை அலசி அலசி வெளியேற்றுகிறார்களே, அது? அதனோடு உப்பும் போகிறது. சாயம் நூலில் ஏறுவதற்காகத் தொட்டியில் நிறைய உப்புக் கொட்டுவது வழக்கம். (வாங்கி வந்த துணியை வீட்டில் உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பது மட்டும் வீண் நம்பிக்கை.)

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் அந்தத் தண்ணீர் நொய்யலில் இறங்கி, சென்னிமலைக்குப் பக்கத்திலுள்ள ஒரத்துப்பாளையம் அணையில் வந்து தேங்கியது. பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் எழுந்த அணை அது. சில வருஷங்களிலேயே, "தண்ணீரைத் தேக்க வேண்டாம்" என்று குடியானவர்களே மன்றாடும்படி ஆயிற்று. கிணறுகளும் உப்பாயின. 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்க ஏற்பாடு செய்துகொண்ட பிறகுதான் பட்டறைகள் மறுபடி திறந்தன.