பயத்துக்கு என்ன கூலி?

லாரி டிரைவர்களின் கதையைச் சொன்ன பிரெஞ்சுப் படம்! அதை மறுபடி எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டது ஹாலிவுட்!

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. அடிவாரத்தில் உள்ள காரவள்ளியில் இருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒரு வளைவில் திரும்பி மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

மலை மேல் எடப்புளி நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என்று பல நாடுகள் இருக்கின்றன. நாடு என்றதும் ராஜா, கோட்டை என்று நினைத்துவிட வேண்டாம். பல சிற்றூர்கள் சேர்ந்த பகுதியை அங்கே நாடு என்று சொல்வார்கள். மிளகு, அன்னாசி, பலா, வாழை எல்லாம் அங்கே விளைகின்றன. விளைந்த பொருள் வளைவுகளில் இறங்கித்தான் சந்தைக்கு வரவேண்டும்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது எளிதல்ல. ஏறும்போது என்ஜின் திணறும். இறங்கும்போது பிரேக் சூடேறும். எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரில் இறங்கு என்பது டிரைவர்களின் பாலபாடம். எதிரே ஒரு வண்டி ஏறி வந்தால், இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும்.

இப்படிப்பட்ட பாதையில், குலுங்கினாலே வெடிக்கக்கூடிய மருந்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போகச் சொன்னால் எப்படி இருக்கும்?

அதுதான் 1953-ம் ஆண்டில் வெளிவந்த ஒரு பிரெஞ்சுப் படத்தின் கதை. படத்தின் பெயரைத் தமிழில் சொன்னால், "பயத்தின் கூலி".

தீப்பிடித்த கிணறு

தென் அமெரிக்காவில் ஒரு சிற்றூர். கொளுத்தும் வெயில். வேலை கிடையாது. பல தேசங்களில் இருந்து வந்து மாட்டிக்கொண்ட ஆட்கள் அங்கே சும்மா திரிகிறார்கள். ஊரை விட்டுப் போகலாம் என்றால் கையில் காசு இல்லை.

அந்த வட்டாரத்தில் ஒரு அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி நடக்கிறது. ஊரில் இருந்து 300 மைல் தூரத்தில் உள்ள அதன் எண்ணெய்க் கிணறு ஒன்றில் தீப்பிடித்துவிடுகிறது. தீயை அணைக்க நைட்ரோ கிளிசரின் என்ற வெடித் திரவம் தேவை. அதைக் கொண்டுபோகத் தனியாகச் செய்த பாதுகாப்பான லாரி இல்லை. சாதாரண லாரிகள்தான் இருக்கின்றன.

கம்பெனி தன் சொந்த ஆட்களை அனுப்பவில்லை. அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. செத்துப்போனால் சங்கம் கேள்வி கேட்கும். ஊரில் திரிகிறவர்களுக்குச் சங்கமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

"ஆளுக்கு 2,000 டாலர்" என்று அறிவிக்கிறார்கள். ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு வருகிறார்கள்! லாரி ஓட்டும் சோதனை நடக்கிறது. கடைசியில் நான்கு பேர் புறப்படுகிறார்கள். இரண்டு லாரிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர்.

அவர்களில் ஒருவன் லூயிஜி. சிமெண்டு வேலை செய்து நுரையீரல் கெட்டுப்போனவன். அந்த வேலையில் இருந்தாலும் சாவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதையும் பார்த்துவிடலாம் என்று லாரியில் ஏறுகிறான்.

வெடித் திரவம்

நைட்ரோ கிளிசரின் கற்பனைப் பொருள் அல்ல. 1847-ம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி அஸ்கானியோ சொப்ரெரோ இதைக் கண்டுபிடித்தார். ஓர் அதிர்ச்சி போதும், வெடித்துவிடும். ஆல்பிரட் நோபல் இதைத் தொழிற்சாலையில் தயாரித்தார். 1864-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த வெடிவிபத்தில் அவருடைய தம்பி எமில் உயிரிழந்தார். பிறகு 1867-ல், இந்தத் திரவத்தை ஒருவகை மண்ணில் ஊற வைத்து, அபாயத்தைக் குறைத்து, டைனமைட் என்ற பெயரில் கொண்டுவந்தார் நோபல்.

இதே பொருளை மிக மிகச் சிறிய அளவில் மாத்திரையாக்கி, நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கக் கொடுக்கிறார்கள். உயிரைப் பறிக்கும் பொருளே உயிரைக் காக்கும் மருந்தாகவும் இருக்கிறது!

தீயை வெடி எப்படி அணைக்கும்? விளக்கை ஊதி அணைக்கிறோம் அல்லவா? அது மாதிரிதான். பெரிய வெடி வெடிக்கும்போது, எரிகிற சுடரை அது எண்ணெயில் இருந்து பிய்த்து எறிந்துவிடும். காற்றில் உள்ள பிராணவாயுவும் ஒரு கணம் விலகிப்போகும். தீ அணைந்துவிடும்.

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் தீப்பிடிப்பது நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. ஆந்திரத்தில் பாசர்லபூடி என்ற ஊரில் 1995-ல் பிடித்த தீயை அணைக்க 65 நாட்கள் ஆயின. அசாமில் பாக்ஜான் கிணறு 2020-ல் பல மாதங்கள் எரிந்தது.

நெஞ்சை அடைக்கும் காட்சிகள்

படத்தின் டைரக்டர் ஆன்ரி ஜார்ஜ் குளூஸோ. முதல் ஒரு மணி நேரம் லாரியே கிளம்பாது! ஊரின் வறுமையையும், அந்த மனிதர்களின் ஏக்கத்தையும் நிதானமாகக் காட்டுவார். லாரி கிளம்பிய பிறகு பார்ப்பவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

ஓர் இடத்தில் சாலை முழுவதும் வரிவரியாக மேடும் பள்ளமும். ஒன்று, ஆமை மாதிரி ஊர்ந்து போகவேண்டும். இல்லை என்றால் மணிக்கு 40 மைல் வேகத்தில் பறக்கவேண்டும். நடுவாக ஒரு வேகத்தில் போனால் லாரி குலுங்கும். குலுங்கினால் எல்லாம் முடிந்தது.

இன்னோர் இடத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு. லாரி ஒரே மூச்சில் திரும்பாது. பின்னால் எடுத்துத்தான் திருப்பவேண்டும். பின்னால் இருப்பதோ பள்ளத்தின் மேல் கட்டிய மரமேடை. பலகைகள் உளுத்துப்போயிருக்கின்றன. மலைப்பாதையில் பஸ் "ரிவர்ஸ்" எடுக்கும்போது ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம்.

அதற்குப் பிறகு, வழியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பாறை. கொண்டுபோகிற திரவத்தையே பிளாஸ்கில் கொஞ்சம் எடுத்து, பாறையில் துளை போட்டு ஊற்றித் தகர்க்கிறார்கள்.

முன்னால் போகும் லாரி வெடிக்கும் காட்சிதான் எல்லாவற்றையும்விடப் பயங்கரம். அதை டைரக்டர் நேராகக் காட்டவே இல்லை. பின்னால் வரும் லாரியில் ஒருவன் சிகரெட் சுருட்டிக்கொண்டிருக்கிறான். தாளில் இருந்த புகையிலை சட்டென்று பறந்துவிடுகிறது. ஒரு வெளிச்சம். அவ்வளவுதான். லூயிஜியும் அவன் கூட்டாளியும் போய்விட்டார்கள்!

மிச்சம் இருப்பவர்கள் மரியோவும், ஜோ என்ற வயதான ரவுடியும். ஊரில் இருந்தவரை ஜோவைக் கண்டால் எல்லோருக்கும் நடுக்கம். லாரியில் ஏறியதும் அவனே நடுங்குகிறான். வெடித்த இடத்தில் குழாய் உடைந்து, எண்ணெய் குளமாய்த் தேங்கி நிற்கிறது. ஜோ அதில் இறங்கி வழி பார்க்கிறான். லாரி நின்றால் சேற்றில் மாட்டிக்கொள்ளும். மரியோ நிறுத்தவில்லை. நண்பனின் கால்மேல் சக்கரம் ஏறுகிறது. கிணறு கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் ஜோ உயிரை விடுகிறான்.

மரியோ சரக்கைச் சேர்த்துவிடுகிறான். ஜோவின் பங்கையும் சேர்த்து 4,000 டாலர் கிடைக்கிறது. காலி லாரியில் ஊர் திரும்புகிறான். சந்தோஷம் தாங்கவில்லை. ரேடியோவில் வரும் பாட்டுக்கு ஏற்ப லாரியை இப்படியும் அப்படியும் வளைத்து வளைத்து ஓட்டுகிறான். லாரி பள்ளத்தில் விழுகிறது. மரியோவும் இறந்துபோகிறான்!

மரியோவாக நடித்தவர் இவ் மோந்தான். ஜோவாக நடித்தவர் ஷார்ல் வானெல். தென் அமெரிக்கா என்று காட்டியதெல்லாம் உண்மையில் பிரான்சு தேசத்தின் தென்பகுதிதான். 1953-ல் கேன்ஸ் விழாவிலும் பெர்லின் விழாவிலும் முதல் பரிசு பெற்றது இந்தப் படம். அமெரிக்காவில் 1955-ல் திரையிட்டபோது பல காட்சிகளை வெட்டிவிட்டார்கள். எண்ணெய்க் கம்பெனியைக் காட்டிய விதம் அங்கே பலருக்குப் பிடிக்கவில்லை.

ஹாலிவுட் எடுத்தது

ஒரு மொழியில் வந்த படத்தை வேறு மொழியில் எடுப்பது நமக்குப் பழக்கமானதுதான். 2015-ல் வந்த "தூங்காவனம்", 2016-ல் வந்த "தோழா" இரண்டும் பிரெஞ்சுப் படங்களில் இருந்து தமிழுக்கு வந்தவை. அதே இரண்டு பிரெஞ்சுப் படங்களை ஹாலிவுட்டும் எடுத்தது.

"பயத்தின் கூலி"யை எடுக்க முன்வந்தவர் வில்லியம் பிரீட்கின். பேய்ப்படமான "எக்ஸார்சிஸ்ட்" எடுத்து உலகத்தையே பயமுறுத்தியவர். பாரமவுண்ட், யூனிவர்சல் என்ற இரண்டு பெரிய கம்பெனிகள் சேர்ந்து பணம் போட்டன. "ஜாஸ்" படத்தில் நடித்த ராய் ஷைடர் கதாநாயகன். படத்தின் பெயர் "சார்சரர்". மந்திரவாதி என்று அர்த்தம். இரண்டு லாரிகளில் ஒன்றின் பெயர் அது!

கதையில் பிரீட்கின் ஒரு மாறுதல் செய்தார். நான்கு பேருக்கும் தனித்தனியாக ஒரு முன்கதை வைத்தார். ஒருவன் கூலிக்குக் கொலை செய்பவன். ஒருவன் குண்டு வைத்தவன். ஒருவன் மோசடியில் சிக்கிய பாரிஸ் பணக்காரன். ஒருவன் கொள்ளைக் கூட்டத்துக் கார் டிரைவர். நான்கு பேரும் தப்பி ஓடி ஒளிந்திருக்கும் இடத்தில்தான் லாரி வேலை வருகிறது.

பாறைக்குப் பதிலாக விழுந்த பெரிய மரம். மரமேடைக்குப் பதிலாகத் தொங்கு பாலம். புயல் மழையில், கயிற்றில் ஆடும் பாலத்தின் மேல் லாரி அங்குலம் அங்குலமாக நகரும் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

அந்தப் பாலத்தால் பட்ட பாடு தனிக்கதை! டொமினிக்கன் குடியரசில் ஓர் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினார்கள். கட்டி முடிப்பதற்குள் ஆறு வற்றிவிட்டது. பாலத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு மெக்சிகோவுக்குப் போனார்கள். அங்கேயும் தண்ணீர் குறைந்தது. படப்பிடிப்பில் லாரி பலமுறை ஆற்றில் விழுந்தது. குழுவில் பலர் நோயில் படுத்தார்கள். டைரக்டருக்கே மலேரியா வந்தது.

ஏன் தோற்றது?

செலவு சுமார் 2 கோடியே 20 லட்சம் டாலர். 1977 ஜூன் மாதம் படம் வெளிவந்தது. வசூல் செலவில் பாதிகூட வரவில்லை!

அதற்கு ஒரு மாதம் முன்புதான் "ஸ்டார் வார்ஸ்" வந்திருந்தது. ஆகாயக் கப்பல், ஒளிவாள் என்று ஜனங்கள் அதில் மயங்கிக் கிடந்தார்கள். ஹாலிவுட்டின் புகழ்பெற்ற சைனீஸ் தியேட்டரில் "ஸ்டார் வார்ஸ்" படத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டார்கள். சில வாரங்களில் இதை எடுத்துவிட்டு மறுபடி அதையே போட்டார்கள்!

பெயரும் காலை வாரியது. "எக்ஸார்சிஸ்ட்" எடுத்தவர் "மந்திரவாதி" எடுத்திருக்கிறார் என்றால் என்ன நினைப்பார்கள்? பேய் வரும் என்று போனவர்கள் லாரியைக் கண்டு ஏமாந்தார்கள்.

பிரீட்கின் இந்தப் படத்தைக் குளூஸோவுக்குக் காணிக்கையாக்கினார். ஆனால் குளூஸோ அதைப் பார்க்கவில்லை. 1977 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். காலம் போகப்போகப் படத்தின் மதிப்பு உயர்ந்தது. 2013-ல் வெனிஸ் விழாவில், புதுப்பித்த பிரதியைத் திரையிட்டுப் பிரீட்கினுக்கு வாழ்நாள் விருதும் கொடுத்தார்கள். 2023-ல் அவர் காலமானார்.

இரண்டில் எது மேல்?

தொங்கு பாலத்துக்கு ஹாலிவுட்டைத்தான் பாராட்ட வேண்டும். ஆனால் மனத்தைத் தைப்பது பிரெஞ்சுப் படம்தான்.

ஹாலிவுட் படத்தில் லாரி ஓட்டுகிறவர்கள் குற்றவாளிகள். செய்த பாவத்துக்கு அனுபவிக்கிறார்கள் என்று பார்க்கிறவர் நினைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சுப் படத்தில் அந்தச் சமாதானத்துக்கு இடம் கிடையாது. லூயிஜி என்ன பாவம் செய்தான்? சிமெண்டு சுமந்தான். வேறு பிழைப்பு இல்லாததால் லாரியில் ஏறினான். அவனுடைய பயத்தைக் கம்பெனி 2,000 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது.

நம் ஊர் டாங்கர்

இந்தக் கதை நாமக்கல்காரர்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகப் புரியும். லாரிக்குப் பாடி கட்டுவதில் பேர்போன ஊர் அது. சமையல் எரிவாயு ஏற்றும் டாங்கர் லாரிகளுக்கும் அதுவே தலைமை இடம். தென் மாநிலங்களின் டாங்கர் உரிமையாளர் சங்கம் அங்கேதான் இருக்கிறது.

எரிவாயு, நைட்ரோ கிளிசரின் மாதிரி குலுங்கியதும் வெடிப்பதில்லை. கசியவேண்டும், தீப்பொறி படவேண்டும். ஆனால் அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவும். பள்ளத்தில் தங்கும். எங்கோ ஒரு பொறி பட்டால் போதும்.

2012 ஆகஸ்டு மாதம் கேரளத்தில் கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் டாங்கர் வெடித்துப் பலர் உயிரிழந்தார்கள். 2025 ஜனவரி 3-ந் தேதி கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் ஒரு டாங்கர் கவிழ்ந்து எரிவாயு கசிந்தது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பாய்ச்சியபடியே நின்றார்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பியது ஊர்.

ஆபத்தான சரக்கு ஏற்றும் டிரைவர் தனிப் பயிற்சி பெறவேண்டும், லைசென்சில் அதைப் பதிய வேண்டும், என்ன சரக்கு என்று லாரியில் எழுதியிருக்க வேண்டும் என்றெல்லாம் நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. படத்தில் வரும் கம்பெனி இப்படி எதையும் கண்டுகொள்ளவில்லை. கேட்க ஆள் இல்லாதவர்களைத் தேடிப்பிடித்தது. சட்டம், பயிற்சி, சங்கம் எல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால், இந்தப் படத்தைக் காட்டலாம்.

நம் வீட்டு அடுப்பில் எரியும் நீலச்சுடர் இப்படி ஒரு டாங்கரில் வந்ததுதான். ஓட்டி வந்தவருக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு. சாலையில் அந்த லாரியைக் கண்டால் ஹாரன் அடித்து விரட்டாமல், இடைவெளி விட்டு வழி கொடுப்பது நம்மால் ஆகக்கூடிய காரியம்.

லாரி ஓட்டும் சகோதரர்களும் மரியோவை நினைத்துக்கொள்ள வேண்டும். 300 மைல் தூரமும் சாவைத் தோளில் சுமந்து போனவன் சாகவில்லை. காலி வண்டியில், கை நிறையப் பணத்தோடு, சிரித்துக்கொண்டு வந்தபோதுதான் செத்தான். சரக்கு இறங்கினாலும் கவனம் இறங்கக்கூடாது. வீட்டு வாசலில் வண்டி நிற்கும்வரை வேலை முடியவில்லை!